அரை ஸாஉ பேரீச்சம்பழம்: நற்பண்புக்குச் செல்வம் தேவையா?

ரமலான் மாதத்தின் இறுதிப் பத்து நாள்களில் நம் மஹல்லாக்களில் இரு வகையான மனிதர்களைக் காண்கிறோம். ஒருவர் அந்த ஆண்டுக்குரிய ஜகாத்தைக் கணக்கிட்டு, யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். மற்றொருவர், அந்தப் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்கவும் கூசிப் பள்ளிவாசலின் பின் வரிசையில் அமர்ந்திருப்பார். இருவரும் நோன்பு நோற்றவர்கள்; இருவரும் ஒரே இமாமின் பின்னால் தராவீஹ் தொழுதவர்கள். ஆயினும் இரண்டாமவரின் உள்ளத்தில் ஒரு கேள்வி அமைதியாக எழுந்து அடங்குகிறது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஜகாத்தும் ஹஜ்ஜும் பொருள் உள்ளவருக்கே கடமை. அவ்விரண்டுக்கும் வழியில்லாத நான், நன்மையிலும் என்றென்றும் பின் வரிசையில்தானா?

இக்கேள்வியை ஓர் ஏழையின் மனக்குறை என்று ஒதுக்கிவிட இயலாது. மனிதர் முழுமையான நற்பண்பாளராக விளங்கச் செல்வம் தேவையா என்பது, உலகின் பேரறிஞர்களைச் சிந்திக்கவைத்த கேள்வி. நம் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையிலேயே ஏழை முஹாஜிர்கள் இதனைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையை வரலாற்றின் வழியே சென்று பார்ப்போம்.

கிரேக்க அறிஞரின் கருத்து

கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் கற்பித்த அரிஸ்டாட்டில், ஒழுக்கவியல் பற்றிய தம் நூலில் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்தார். புறப் பொருள்களின் துணையின்றி உயர்ந்த செயல்களைச் செய்வது இயலாது, அல்லது எளிதன்று என்பது அவருடைய கருத்து. தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படியே நற்செயலுக்கு நண்பர்களும் செல்வமும் செல்வாக்கும் கருவிகள் என்று அவர் எண்ணினார்.

கொடையை அவர் இரண்டாகப் பிரித்தார். அன்றாட வாழ்வில் உரியவருக்கு உரிய அளவில் கொடுப்பது ஈகை. நகரத்துக்காகப் போர்க் கப்பலை அணிசெய்து தருவது, பொது விழாக்களின் செலவை ஏற்பது போன்றவை பெருங்கொடை. இந்த இரண்டாவது பண்பு ஏழைக்கு வாய்க்காது என்றும், ஏழை அதற்கு முயன்றால் அது அறிவின்மையே என்றும் அவர் எழுதினார். அதே நூலில், ஈகையைக் கொடுத்த தொகையால் அளக்கக் கூடாது, கொடுப்பவரின் வசதியையும் மனநிலையையும் கொண்டே அளக்க வேண்டும் என்றும் அவர் கூறியிருப்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று. எனினும் பெரிய நன்மைகளின் கதவு அவருடைய நகரத்தில் செல்வருக்கு மட்டுமே திறந்திருந்தது. கூலிக்கு உழைப்பவரும் அடிமைகளும் அக்கதவுக்கு வெளியே நின்றனர்.

அப்பாசியர் காலத்தில் இந்நூல் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. மிஸ்கவைஹ் (மறைவு ஹிஜ்ரி 421) போன்ற அறிஞர்கள் இதனைக் கற்று, ஒழுக்கவியலில் தம் நூல்களை இயற்றினர். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, அரபு மண்ணில் இதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்துவிட்டது.

மக்காவின் அளவுகோல்

மக்காவின் குறைஷித் தலைவர்கள் வணிகர்கள். அவர்களுடைய பார்வையில் செல்வமும் மதிப்பும் ஒன்றே. ஆகவேதான், இறைவேதம் இறங்குவதாயின் மக்கா, தாயிஃப் ஆகிய இரண்டு ஊர்களில் உள்ள ஒரு பெரிய மனிதருக்கு இறங்கியிருக்க வேண்டாமா என்று அவர்கள் வினவினர். இதனைத் திருக்குர்ஆன் 43 ஆம் அத்தியாயத்தில் பதிவுசெய்து, இறைவனின் அருளைப் பங்கிடுபவர்கள் இவர்களா என்று எதிர்க்கேள்வி கேட்கிறது.

நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்திருந்தவர்களில் பலர், அந்தத் தலைவர்கள் சமமாக அமரவும் விரும்பாத எளியவர்கள். பிலால் (ரலி) அடிமை. கப்பாப் (ரலி) இரும்புக் கொல்லர். யாஸிர், சுமைய்யா, அம்மார் (ரலி) குடும்பத்துக்கு மக்காவில் பாதுகாப்பளிக்கக் குலமும் இல்லை, பொருளும் இல்லை. இத்தகைய எளியவர்களை விலக்கினால் தாங்கள் வந்து அமர்வதாகத் தலைவர்கள் பேசியபோது, காலையும் மாலையும் தம் இறைவனை அழைப்பவர்களை விரட்டிவிட வேண்டாம் என்று வசனம் இறங்கியது. இஸ்லாத்தின் முதல் ஷஹீதாகப் போற்றப்படும் சுமைய்யா (ரலி) அவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு திர்ஹமும் இருந்ததாக நாம் அறியவில்லை. தம் உயிரைக் கொடுத்தார்.

அதே மக்காவில் கதீஜா (ரலி) அவர்களின் செல்வமும் அபூபக்ர் (ரலி) அவர்களின் செல்வமும் இருந்தன. கொதிக்கும் மணலில் கிடந்த பிலாலை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தவர் அபூபக்ர் (ரலி). பிலாலின் ஈமானுக்குப் பணம் தேவைப்படவில்லை. பிலாலின் விடுதலைக்குப் பணம் தேவைப்பட்டது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னர் வரும் நிகழ்வுகள் விளங்கும்.

ஏழை முஹாஜிர்களின் முறையீடு

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களில் பலர் வீட்டையும் வணிகத்தையும் மக்காவிலேயே விட்டு வந்தவர்கள். தங்க இடமற்றவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியின் ஒரு பகுதியில் நிழற்கூரை அமைக்கப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்தவர்களே அஹ்லுஸ் ஸுஃப்பா எனப்படும் திண்ணைத் தோழர்கள். அவர்களில் எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களில் ஒருவருக்கேனும் மேலாடை இருந்ததில்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள்.

இந்தச் சூழலில்தான் ஏழை முஹாஜிர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டனர். செல்வர்கள் உயர்ந்த பதவிகளைத் தட்டிச் சென்றுவிட்டார்கள். நாங்கள் தொழுவதுபோல் அவர்களும் தொழுகிறார்கள். நாங்கள் நோற்பதுபோல் அவர்களும் நோன்பு நோற்கிறார்கள். ஆனால் அவர்களிடம் மிகுதியான பொருள் இருப்பதால் தர்மம் செய்கிறார்கள், எங்களுக்கு அது இயலவில்லை என்பதே அவர்களின் முறையீடு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது இடம்பெற்றுள்ளது.

இம்முறையீட்டின் தன்மையை நாம் சற்றே நின்று கவனிக்க வேண்டும். உணவில்லை என்று அவர்கள் வரவில்லை. செல்வர்களின் வீட்டையோ உடையையோ கண்டு ஏங்கவும் இல்லை. கொடுக்கும் பாக்கியம் தமக்கு இல்லையே என்பதே அவர்களின் துயரம். இன்று செல்வரைப் பார்த்து நாம் எதற்காக ஏங்குகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், அவர்களுக்கும் நமக்கும் உள்ள தூரம் புரியும்.

நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்குத் தொழுகைக்குப் பின் ஓதும் தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் கற்றுக்கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் இன்றும் விரல் விட்டு எண்ணும் அந்த 33, ஏழைகளின் முறையீட்டுக்குப் பதிலாக உம்மத்துக்குக் கிடைத்த கொடை என்பதை எத்தனை பேர் அறிவோம்? அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் பல கதவுகள் திறக்கப்படுகின்றன. ஒவ்வொரு தஸ்பீஹும் ஸதகா. நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் ஸதகா. கணவன் மனைவியின் இல்லறமும் ஸதகா. வேறு ஹதீஸ்களில், சகோதரனை மலர்ந்த முகத்துடன் சந்திப்பதும் பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதும் இப்பட்டியலில் சேர்கின்றன. ஸதகா என்ற சொல்லின் எல்லையே விரிந்துவிட்டது.

ஆனால் முஸ்லிம் தொகுப்பின் அறிவிப்பில் கதை இத்துடன் முடியவில்லை. சில நாள்களில் அவ்வேழைகள் மீண்டும் வந்தனர். எங்கள் செல்வச் சகோதரர்களும் இதைக் கேள்விப்பட்டு அவ்வாறே ஓதத் தொடங்கிவிட்டார்கள் என்றனர். அதற்கு நபி (ஸல்) அவர்கள், அது அல்லாஹ்வின் அருள், தான் நாடியவர்களுக்கு அவன் அதை வழங்குகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஏழைகளை ஆறுதல்படுத்துவதற்காகச் செல்வர்களின் நன்மையை அவர்கள் குறைத்துக் கூறவில்லை. நல்வழியில் செலவாகும் செல்வம் உண்மையிலேயே ஓர் அருள்தான் என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

அப்படியானால் ஏழை பின்தங்கியவர்தானா? இதற்கான விடையைத் தபூக் போருக்கான ஆயத்தம் தருகிறது.

தபூக்: வறட்சியும் வாரி வழங்கலும்

ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு (கி.பி. 630). கடுங்கோடை, பேரீச்சங்கனிகள் பழுத்திருந்த காலம், பயணமோ ரோமப் பேரரசின் எல்லையை நோக்கிய நெடும்பயணம். துன்பக் காலப் படை என்றே அப்படைக்குப் பெயர் வழங்கியது. உஸ்மான் (ரலி) அவர்கள் 1000 தீனார்களைத் தம் ஆடையில் கொண்டுவந்து நபி (ஸல்) அவர்களின் மடியில் கொட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவற்றைக் கையால் புரட்டியவாறு, இன்றைக்குப் பிறகு உஸ்மான் செய்யும் எதுவும் அவருக்குத் தீங்கு தராது என்று கூறியதாகத் திர்மிதியில் காண்கிறோம். பெரும் செல்வம் பெரும் நன்மையான நாள் அது.

ஸதகாவுக்கான அழைப்பைக் கேட்டவர்களுள் அன்றாடம் சுமை தூக்கிக் கூலி பெறுபவர்களும் இருந்தனர். கொடுக்க ஏதேனும் வேண்டும் என்பதற்காகவே நாங்கள் சுமை தூக்கச் சென்றோம் என்று அபூமஸ்ஊத் (ரலி) நினைவுகூர்கிறார்கள். அவர்களுள் அபூஅகீல் (ரலி) என்பவர் அரை ஸாஉ பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். பெருநாளன்று ஃபித்ராவுக்காக ஒருவருக்கு நாம் அளக்கும் ஒரு ஸாஉவில் சரிபாதி அது. அதே நேரத்தில் வேறொருவர் பெரும் பொருளைக் கொண்டுவந்தார். அவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன.

நயவஞ்சகர்கள் இருவரையும் விட்டுவைக்கவில்லை. அரை ஸாஉவைக் கண்டு, இந்த அற்பத் தர்மம் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று நகைத்தனர். பெருந்தொகையைக் கண்டு, இது பகட்டுக்காகக் கொடுத்தது என்றனர். அப்போது தவ்பா அத்தியாயத்தின் 79 ஆம் வசனம் இறங்கியது. தாராளமாகக் கொடுப்பவர்களையும், தம் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களையும் குறைகூறிக் கேலி செய்வோரை அது கண்டித்தது. ஒரே வசனத்தில் செல்வரின் கண்ணியத்தையும் கூலியாளின் கண்ணியத்தையும் அல்லாஹ் காத்தான்.

அன்று கொடுப்பதற்கு அரை ஸாஉ கூட இல்லாதவர்களும் இருந்தனர். படையில் சேர வாகனம் வேண்டி வந்தார்கள். உங்களை ஏற்றிச்செல்ல என்னிடம் வாகனம் இல்லை என்ற பதிலைக் கேட்டுக் கண்ணீர் வழியத் திரும்பினார்கள். செலவழிக்க ஒன்றும் இல்லையே என்ற அவர்களின் அழுகையை அதே அத்தியாயத்தின் 92 ஆம் வசனம் என்றென்றைக்குமாகப் பதிவுசெய்தது. தபூக்கிலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) அவர்கள் தம்முடன் வந்த படையினரிடம் மதீனாவில் தங்கிவிட்ட சிலரைக் குறிப்பிட்டார்கள். நீங்கள் நடந்த ஒவ்வொரு பாதையிலும், கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களுடன் இருந்தார்கள். தக்க காரணமே அவர்களைத் தடுத்துவிட்டது என்பது அவர்கள் கூறியதன் கருத்து.

நம் கேள்விக்கான தெளிவான விடை இதுதான். செயலுக்குப் பொருள் தேவை. நற்பண்புக்கு மெய்யான நாட்டம் போதும். திர்மிதி தொகுப்பில் உள்ள நால்வர் பற்றிய ஹதீஸ் இதனையே விளக்குகிறது. கல்வியும் செல்வமும் பெற்று அதனை முறையாகச் செலவிடுபவர் ஒருவர். கல்வி பெற்றும் செல்வம் பெறாமல், எனக்கும் இருந்தால் அவரைப்போல் செய்வேன் என்று உண்மையாக எண்ணுபவர் மற்றொருவர். இவ்விருவரின் கூலியும் சமம் என்கிறது அந்த ஹதீஸ். அதன் மறுபாதி எச்சரிக்கை. செல்வத்தைத் தீயவழியில் அழிப்பவனைப் பார்த்து, எனக்கும் இருந்தால் அவ்வாறே செய்வேன் என்று எண்ணும் ஏழையும் பாவத்தில் அவனுக்குச் சமம். ஆகவே வறுமை தன்னளவில் யாரையும் நல்லவராக்கிவிடுவதில்லை.

நிறைந்த தட்டின் முன் வழிந்த கண்ணீர்

செல்வம் நற்பண்புக்குத் தேவையா என்று கேட்ட நாம், செல்வத்தோடு நற்பண்பைக் காப்பது எப்படி என்றும் கேட்க வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்வு இதற்குப் பாடம். மதீனாவுக்கு அவர்கள் வெறுங்கையுடன் வந்தார்கள். அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, உங்கள் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, சந்தை எங்கே என்று காட்டுங்கள் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவ்வணிகம், அவர்களை மதீனாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக்கியது.

அத்தகையவர் ஒருநாள் நோன்பு நோற்றிருந்தபோது உணவு கொண்டுவரப்பட்டது. அதனைக் கண்டதும் உஹுதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்துவிட்டது. மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர் முஸ்அப். அவருக்குக் கஃபனாகக் கிடைத்தது ஒரே துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அவர் என்னைவிடச் சிறந்தவர்; எங்களுக்கோ உலகம் விரித்துத் தரப்பட்டுவிட்டது; எங்கள் நன்மைகளுக்கான கூலி இங்கேயே தரப்பட்டுவிட்டதோ என அஞ்சுகிறோம் என்று கூறி அழுதார்கள்; உணவையும் விட்டுவிட்டார்கள்.

ஏழை முஹாஜிர்கள் செல்வரைப் பார்த்து நன்மையில் பின்தங்கினோமே என்று கலங்கினர். செல்வரோ ஏழையாக மறைந்த தோழரை நினைத்து, நான் பின்தங்கிவிட்டேனோ என்று கலங்கினார். ஒரு சமூகத்தில் இரு தரப்பினரும் இவ்வாறு கலங்கும்போது அங்கே செருக்குக்கும் பொறாமைக்கும் இடமேது?

அறிஞர்களின் விவாதம்

பிற்கால அறிஞர்கள் இதனை ஒரு தனி விவாதமாகவே வளர்த்தனர். நன்றி செலுத்தும் செல்வர் சிறந்தவரா, பொறுமை காக்கும் ஏழை சிறந்தவரா? ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) உள்ளிட்ட பெரும்பாலான ஸூஃபிகள் பொறுமையாளரான ஏழையை உயர்த்தினர். இப்னு அதா (ரஹ்) நன்றியுள்ள செல்வரை உயர்த்தினார். இமாம் கஸ்ஸாலி (மறைவு ஹிஜ்ரி 505) தம் இஹ்யா உலூமித்தீனில் வறுமையும் துறவும் பற்றிய பகுதியில் இக்கருத்து வேறுபாட்டை ஆராய்கிறார்கள். இப்னுல் கய்யிம் (மறைவு ஹிஜ்ரி 751) பொறுமை, நன்றி ஆகிய இரண்டைப் பற்றியே ஒரு நூல் எழுதி, இரு தரப்பு ஆதாரங்களையும் விரிவாக எடுத்துவைத்தார்கள். அவர்களின் ஆசிரியர் இப்னு தைமிய்யாவின் முடிவு சுருக்கமானது: இருவருள் தக்வா மிகுந்தவரே சிறந்தவர், தக்வாவில் சமமானால் தகுதியிலும் சமம்.

நபி (ஸல்) அவர்களின் துஆக்களும் இந்த நடுநிலையையே காட்டுகின்றன. செல்வத்தின் சோதனையிலிருந்தும் வறுமையின் சோதனையிலிருந்தும் அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். ஆகவே வறுமையைப் புனிதமாக்கிப் பேசுவது அவர்களின் வழியன்று. அதேவேளை, அரபுத் தீபகற்பம் தம் கீழ் வந்த பின்னும், அவர்கள் மறைந்தபோது அவர்களின் கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. நற்குணத்தின் நிறைவுக்குச் செல்வம் நிபந்தனையாக இருந்திருந்தால், அந்தக் கவசம் அடகுக்குப் போயிருக்குமா?

நம் வரிசைகளும் நம் பட்டியல்களும்

இவ்வரலாறு நம்மிடம் கேட்பது என்ன? முதலாவதாக, கொடுப்பவர்களுக்கு ஒன்று. ஏழைக்கு தஸ்பீஹ் இருக்கிறதே என்று சொல்லி ஜகாத்தில் கைசுருக்குவது இந்த ஹதீஸைத் தலைகீழாகப் படிப்பதாகும். கற்றுக்கொடுக்கப்பட்டது ஏழைக்கு, செல்வரின் கடமையில் ஒரு திர்ஹமும் அதனால் குறையவில்லை.

இரண்டாவதாக, நம் ஜமாஅத்துகளுக்கு ஒன்று. நம் ஊர்களில் கொடையாளர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. 17 ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்து உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியை இன்றும் பெருமையோடு நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பழம்பெரும் பள்ளிவாசல்களுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டில் உள்ளன? மனிதர்களின் பதிவேடு பெருந்தொகையைத்தான் எழுதிவைக்கும். சுமை தூக்கிச் சம்பாதித்த அரை ஸாஉவை அல்லாஹ் தன் வேதத்தில் எழுதிவைத்தான். பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ஒரு மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் தரும்போது, அதை வாங்கும் கையும் எழுதும் பேனாவும் இலட்சத்தை வாங்கும்போது காட்டும் அதே மரியாதையைக் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, நம் குடும்பங்களுக்கு ஒன்று. நபி (ஸல்) அவர்கள் முன் ஒருவர் கடந்து சென்றார். இவர் பெண் கேட்டால் கொடுப்பார்கள், பரிந்துரைத்தால் ஏற்பார்கள் என்றனர் அங்கிருந்தோர். பின்னர் ஓர் ஏழை முஸ்லிம் கடந்து சென்றார். இவர் பெண் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், பேசினால் கேட்க மாட்டார்கள் என்றனர். முன்னவரைப் போன்றவர்கள் பூமி நிறைய இருந்தாலும் இவரே சிறந்தவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இந்த ஹதீஸை நாம் பயான்களில் கேட்கிறோம். நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நாளில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

இறுதியாக, பின் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தச் சகோதரருக்கு ஒன்று. ஜகாத்தும் ஹஜ்ஜும் உங்கள் மீது கடமையாகவில்லை என்பதால் உங்கள் ஏட்டில் அவ்விடம் வெறுமையாக இருப்பதில்லை. உங்கள் நிய்யத் அங்கே எழுதப்படுகிறது. கண்ணீருடன் திரும்பியவர்களும் தபூக்கின் பாதையில் நடந்தவர்களாகவே எண்ணப்பட்டார்கள். உங்களிடம் இருக்கும் அரை ஸாஉவைக் கொண்டுவாருங்கள். அதுவும் இல்லையெனில், கொடுக்க வேண்டும் என்ற அந்த ஏக்கத்தைக் கைவிடாதீர்கள்.

செல்வம் தந்தவர்களுக்கு நன்றியுணர்வையும், தராதவர்களுக்கு அழகிய பொறுமையையும், நம் அனைவருக்கும் ஒருவரையொருவர் கண்ணியப்படுத்தும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.